வழி வகுத்தோரும் வழி நடந்தோரும்

மதுரையில் விளக்குத்தூண் என்று ஓர் இடம் உண்டு. துணி எடுக்கச் செல்வோரும், திருமணத்துக்குப் பொருள் வாங்கச் செல்வோரும், ஆட்டோ ஓட்டும் தோழரும் அப்பெயரை நாளும் பன்முறை சொல்கின்றனர். அது யாருக்காக நடப்பட்ட தூண்? கோயில் விளக்கா? மன்னன் விளக்கா? இல்லை. பிளாக்பர்ன் என்ற வெள்ளைக்காரக் கலெக்டருக்கு நன்றி சொல்ல 1847-இல் நடப்பட்ட தூண் அது. நாயக்கர் காலத்துக் கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து, நெருக்கடியில் மூச்சுத் திணறிக் கிடந்த நகரத்தை அகலப்படுத்தியவர் அவர். அவருக்குத் துணைநின்ற நில அளவையாளர் மாரட் பெயரில் மாரட் வீதிகள் இருக்கின்றன. வேலையை மேற்பார்த்த பெருமாள் மேஸ்திரி பெயரில் வீதிகள் இருக்கின்றன. கலெக்டருக்குத் தூண், அளந்தவருக்கு வீதி, மேஸ்திரிக்கு வீதி! மண் சுமந்தவருக்கு?

மண் சுமந்தவருக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. சுவரை இடித்து அகழியை நிரப்புவோர்க்கு அந்த இடத்திலேயே மனை என்று பிளாக்பர்ன் அறிவித்தார். அந்த ஏற்பாட்டில் ஒரு நேர்மை இருந்தது. உழைப்பவன் எங்கே உழைத்தானோ அங்கேயே அவனுக்கு ஓர் இடம் என்ற நேர்மை. பிளாக்பர்னைக் குறைகூற நான் இதை எழுதவில்லை. அந்தத் தூண் எழுந்த அதே ஆண்டுகளில், அதே மதுரைச் சமவெளியிலிருந்து, மேலூர் வழியாகவும் சிவகங்கை வழியாகவும் இராமநாதபுரச் சீமையின் வறண்ட கண்மாய்க் கரைகள் வழியாகவும் வேறொரு கூட்டம் கிழக்கு நோக்கி நடந்துகொண்டிருந்ததே, அதைப் பற்றித்தான் எழுத விழைகிறேன். தலையில் ஒரு மூட்டை, இடுப்பில் ஒரு குழந்தை, முன்னால் ஒரு கங்காணி. அவர்கள் சென்ற இடம் கண்டிச் சீமை. அவர்கள் உழைத்த இடத்தில் அவர்களுக்கு மனை என்று யாரும் அறிவிக்கவில்லை. ஒரு நூறாண்டு கழித்து அவர்தம் பேரப்பிள்ளைகளிடம், "நீ இந்த மண்ணுக்கு உரியவன் அல்லன்" என்று அறிவித்தார்கள்!

ஒரு நெடும்பயணம் நடந்தால் அதன் புகழ் யாருக்கு? அதன் பழி யாருக்கு? அதனால் பிறக்கும் உரிமை யாருக்கு? வரலாற்று ஆசிரியர்கள் முதற்கேள்விக்கு மட்டும் விரைந்து விடையளிப்பார்கள். மற்ற இரண்டையும் மறந்துவிடுவார்கள். மூன்றையும் ஒன்றாகக் கேட்டால்தான் அறநெறி தெரியும்.

கடல் கடந்து ஒரு சான்றைப் பார்ப்போம். ஸ்பெயின் நாட்டுப் பேரரசு மெக்சிகோவை ஆண்ட காலம். வடக்கே கலிபோர்னியாக் கரையில் தன் கொடியை ஊன்றிவிட வேண்டும் என்று அதற்கு ஆசை. ரஷ்யன் வந்துவிடுவான், ஆங்கிலேயன் வந்துவிடுவான் என்று அச்சம். கொடி மட்டும் நின்றால் போதாதே, அதன்கீழ் குடி வேண்டுமே! ஹுவான் பாட்டிஸ்டா தெ அன்சா என்ற படைத்தலைவர் அதற்கு முன்வந்தார். 1774-இல் பாலையைக் கடந்து வழி கண்டுவந்தார். 1775 அக்டோபரில் தூபாக் என்ற ஊரிலிருந்து ஏறக்குறைய 240 பேருடனும் ஓராயிரம் கால்நடைகளுடனும் புறப்பட்டார். 1776 மார்ச்சில் மாண்டரே சேர்ந்தார். சான் பிரான்சிஸ்கோவில் கோட்டைக்கும் கோயிலுக்கும் இடம் குறித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டார். அவர் அங்கே குடியேறவில்லை. கூட்டிச் சென்றவர்கள்தாம் குடியேறினார்கள். அவர்கள் யார்? பிரபுக்களா? இல்லை. சொனோரா, சினலோவா பகுதிகளின் ஏழைகள். செவ்விந்தியரும் கறுப்பரும் வெள்ளையரும் கலந்த குருதியினர். பாதிக்கு மேற்பட்டோர் குழந்தைகள். இன்று அமெரிக்க அரசு அந்த ஆயிரத்து இருநூறு மைல் வழியைத் தேசிய வரலாற்றுப் பாதை என்று 1990-இல் அறிவித்துப் பாதுகாக்கிறது. அதன் பெயர் என்ன? அன்சா பாதை!

அன்சா கண்ட வழி அன்சா கண்டதுதானா? அங்கே அவருக்குமுன் எத்தனையோ நூற்றாண்டுகளாக மக்கள் நடந்த தடங்கள் இருந்தன. கொலராடோ ஆற்றைக் கடக்க வழிசொல்லி உதவியவர்கள் யூமா மக்கள். அவர்களின் தலைவர் பால்மா. அந்த உதவிக்குக் கிடைத்த பரிசு, பின்வந்த குடியேற்றக்காரர்களின் கால்நடைகள் அவர்கள் பயிரை மேய்ந்தமையும், அவர்கள் நிலம் பறிபோனமையும். 1781-இல் அம்மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள், பாதை அடைபட்டது. கண்டுபிடித்தவர் என்று எவரைச் சொல்கிறோமோ, அவருக்கு அந்த வழி எட்டாண்டுகூட நிலைக்கவில்லை. வழி யாருடையது என்று அந்த ஆற்றங்கரை மக்கள் விடை கூறிவிட்டார்கள்.

ஆனால் அன்சாவின் பயணத்தில் என்னை நிறுத்திச் சிந்திக்க வைத்த செய்தி வேறொன்று. அந்த நெடுவழியில், பனியிலும் பாலையிலும், இறந்தவர் ஒருவர். ஒரே ஒருவர்! புறப்பட்ட முதல் இரவிலேயே பிள்ளைப்பேற்றில் உயிர்நீத்த மானுவேலா என்ற தாய். அவர் பெயர் நமக்குத் தெரிகிறது. அவர் இறந்த இரவு தெரிகிறது. ஏன் தெரிகிறது? அன்சா நாட்குறிப்பு எழுதினார். உடன்சென்ற பாதிரியார் பெத்ரோ ஃபாண்ட்டும் எழுதினார். குடும்பம் குடும்பமாகப் பெயர்ப்பட்டியல் இருந்தது. உடையும் உணவும் அரசுச் செலவில் கணக்கிட்டுக் கொடுக்கப்பட்டன. இன்று கலிபோர்னியாவில், "என் பாட்டன் அன்சாவோடு வந்தவன்" என்று ஒருவன் சொன்னால், பட்டியலைப் பார்த்து ஆம் என்றோ இல்லை என்றோ கூறலாம்.

இனி நம் பாதைக்கு வருவோம்.

1815-இல் கண்டி அரசு வீழ்ந்தது. 1820-களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் மலைநாட்டுக்குச் சாலை போட்டார். கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் அந்தச் சாலையில், கடுகண்ணாவைக் கணவாயில், அதை அமைத்த பொறியாளர் டாசனுக்கு ஒரு கோபுரம் நிற்கிறது. பார்ன்சுக்குக் கொழும்பில் சிலை வைத்தார்கள்; அந்தச் சிலையடியிலிருந்துதான் சாலைத் தொலைவுகளை அளந்தார்கள். தாமஸ் ஸ்கின்னர் என்ற இளைஞர் பதினாறு வயதில் அங்கே சாலை வேலையைத் தொடங்கி, ஐம்பதாண்டு இலங்கை வாழ்க்கையைப் பற்றிப் புத்தகமே எழுதினார். மலையை வெட்டியவர்கள் யார்? இராசகாரியம் என்ற கட்டாய உழைப்பில் ஊர்களிலிருந்து இழுத்துவரப்பட்ட சிங்கள உழவர்கள்! கூலி கிடையாது, வரமாட்டேன் என்று சொல்லும் உரிமையும் கிடையாது. அந்தக் கொடுமை 1832-33-இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. இதை நாம் மறக்கலாகாது. சிங்களவனின் வியர்வையில் சாலை பிறந்தது, தமிழனின் வியர்வையில் தோட்டம் பிறந்தது. சாலைக்கும் தோட்டத்துக்கும் பெயர் சூட்டிக்கொண்டவன் இருவரும் அல்லன்.

சாலை வந்தது, பின்னே காப்பி வந்தது. 1840-ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. பத்திரம் காட்ட முடியாத காடும் தரிசும் அரசுக்கே சொந்தம் என்றது அது. கண்டி உழவன் மாடு மேய்த்த காடு, சேனைப்பயிர் செய்த மேடு, யாவும் அரசின் கைக்குச் சென்று, அங்கிருந்து துரைமார் கைக்குச் சென்றன. தன் காட்டைப் பறித்தவனுக்குக் கூலிவேலை செய்யக் கண்டி உழவன் மனம் ஒப்பவில்லை. ஆள் எங்கே என்று தேடினார்கள். கடலுக்கு இப்பால், மதுரை, இராமநாதபுரம், திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டை, சேலம் சீமைகளில் ஆள் கிடைத்தான்.

ஏன் கிடைத்தான்? நமது பெருமைக்குப் பங்கம் வராதபடி இதற்கு விடைசொல்லப் பலருக்கு ஆசை. "வெள்ளைக்காரன் ஆசைகாட்டி ஏமாற்றினான்" என்பது ஒரு விடை. பாதி உண்மை. மற்றப் பாதி எது? மழை பொய்த்தால் கண்மாய் வறளும். கண்மாய் வறண்டால் நிலக்கிழார் பட்டினி கிடப்பதில்லை. பண்ணையாள்தான் பட்டினி கிடப்பான். நிலம் ஒருவனுக்கு, உழைப்பு ஒருவனுக்கு. ஊர் ஒருவனுக்கு, சேரி ஒருவனுக்கு. கிணறு ஒருவனுக்கு, தாகம் ஒருவனுக்கு! இந்தியாவில் அடிமை முறைக்குச் சட்டப் பாதுகாப்பு நீங்கியதே 1843-இல்தான். சட்டம் விடுவித்தது, சாதி விடுவிக்கவில்லை, வயிறு விடுவிக்கவில்லை. இந்த நிலையில் ஒரு கங்காணி ஊருக்கு வருகிறான். தலைப்பாகை, கையில் வெள்ளிப்பூண் பிரம்பு, இடுப்பில் முன்பணம். தேங்காயும் மாசியும் தூரடியில் தோண்டினால் கிடைக்குமாம் என்று கதை வேறு! "வருகிறாயா?" என்கிறான். "வருகிறேன்" என்கிறான் பறையனும் பள்ளனும் சக்கிலியனும் என்று ஊரார் இழிவாக அழைத்த அந்த உழைப்பாளி. பிற சாதி ஏழைகளும் உடன் சென்றனர்.

அந்த "வருகிறேன்" என்ற சொல் இருக்கிறதே, அதை வைத்துத்தான் துரைமாரும் அரசும் நெடுநாள் வழக்காடினார்கள். "யாரையும் நாங்கள் கட்டி இழுத்து வரவில்லை, தாமே விரும்பி வந்தார்கள்" என்றார்கள். பிஜிக்கும் மொரீசுக்கும் போனவனுக்காவது ஓர் ஒப்பந்தத் தாள் உண்டு. இலங்கைக்குப் போனவனுக்கு அதுவும் தேவையில்லை, அவன் சுதந்திர மனிதன் என்றார்கள். பசித்தவன் தந்த ஒப்புதல் ஒப்புதலாகுமா? இரண்டு கதவு இருந்து ஒன்றைத் தேர்ந்தால் அது விருப்பம். ஒரு கதவில் சாவும் மறு கதவில் கூலியும் நின்றால் அதற்கு விருப்பம் என்று பெயரிடுபவன், கதவை அடைத்தவனை மறைக்கிறான். ஆனாலும் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. "அவர்களுக்கு விருப்பமே இல்லை, ஆட்டுமந்தைபோல் சென்றார்கள்" என்று சொல்வதும் அவர்களை இழிவு செய்வதாகும். ஊர்ச்சாவடியின் முன் செருப்பை அவிழ்த்துக் கையில் ஏந்தி நடந்தவன், இனி அந்தச் சாவடியைப் பார்க்க வேண்டாம் என்று முடிவு செய்து புறப்பட்டிருந்தால், அது அவன் வாழ்வின் முதற் புரட்சி அல்லவா? அவனிடம் துணிவு இருந்தது. அவன் முன்னே வழி இல்லை. துணிவை அவன் கணக்கிலும், வழியின்மையைச் சமுதாயத்தின் கணக்கிலும் எழுத வேண்டும். வைதீகர் இரண்டையும் சேர்த்துத் தலைவிதியின் கணக்கில் எழுதிவிட்டு, பேனாவை மூடிவிட்டார்கள்.

தொண்டியிலும் தேவிபட்டினத்திலும் பாம்பன் பக்கத்திலும் தோணி ஏறினார்கள். மன்னார்க் கரையில் இறங்கினார்கள். அங்கிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளைவரை நடை. வடபாதை என்று அதற்குப் பெயர். நூறு மைலுக்கு மேல் காடு. குடிநீர் இல்லை; குட்டைநீர் உண்டு. அந்தக் குட்டையில் வாந்திபேதி உண்டு. அம்மையும் காய்ச்சலும் உண்டு. கரடியும் பாம்பும் உண்டு. நடக்க முடியாதவனைக் கூட்டம் விட்டுவிட்டுச் செல்லும். பின்வரும் கூட்டம் அவன் எலும்பைக் காணும். 1844 என்ற ஒரே ஆண்டில் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் இலங்கைக்கு வந்திறங்கினர். எத்தனை பேர் செத்தனர்? 1840-களில் மட்டும் எழுபதாயிரம் பேர் மடிந்தனர் என்று அன்றே கொழும்பு நாளேடு ஒன்று மதிப்பிட்டது. மிகை என்பாரும் உண்டு, குறை என்பாரும் உண்டு. ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். ஏன் வாதிட வேண்டியிருக்கிறது? எண்ணவில்லையே! காப்பிக் கொட்டை எத்தனை அந்தர் கப்பலேறியது என்று கணக்கு இருக்கிறது. கொட்டையைப் பறித்த கை எத்தனை காட்டில் மண்ணாயிற்று என்று கணக்கு இல்லை.

அன்சாவின் வழியில் ஒரு மரணம், வடபாதையில் ஆயிரமாயிரம். ஸ்பானியர் அன்பின் உருவம், ஆங்கிலேயர் அரக்கர் என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். ஸ்பானியரின் அன்பை அறிய விரும்புவோர் கலிபோர்னியாப் பழங்குடிகளைக் கேட்கட்டும். வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. அன்சா கூட்டிச் சென்ற மனிதன் செத்தால், பேரரசுக்கு ஒரு குடி குறையும். அந்தக் கரையில் வேறு குடி இல்லை. கங்காணி கூட்டிச் சென்றவன் செத்தால், மதுரைச் சீமையில் இன்னொருவன் பசித்திருந்தான். ஓர் உயிரின் விலை அதற்கு மாற்று எளிதில் கிடைக்குமா என்பதைக் கொண்டு மதிக்கப்பட்டது. பின்னாளில் வழியில் கிணறும் தங்குகொட்டகையும் மருத்துவச் சாவடியும் எழுந்தன. இரக்கம் பெருகியதும் ஒரு காரணம்தான். ஆனால் ஆள் வரத்துக் குறைந்துவிடும் என்ற அச்சம் அந்த இரக்கத்துக்கு நல்ல துணையாக நின்றது.

மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயில் இருக்கிறது. காட்டைக் கடந்து உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் அம்மனுக்கு நன்றி செலுத்திய இடம் என்பர். அவர்கள் கண்ணீரை நான் எள்ளி நகையாடமாட்டேன். வேறு யார் இருந்தார்கள் அவர்களுக்கு, நன்றி சொல்ல? ஆனால் பகுத்தறிவுள்ளவன் கேட்காமல் இருக்க முடியாது: வந்து சேர்ந்தவன் அம்மன் காத்தாள் என்று சாட்சி சொன்னான், வழியில் கிடந்தவன் சாட்சி சொல்ல வரவில்லையே, அவன் வாக்குமூலம் எங்கே?

இங்கே கங்காணியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஏனெனில் நம் மேடைகளில் வெள்ளைத் துரை வருகிறான், பண்டாரநாயகா வருகிறார், சேனநாயகா வருகிறார், கங்காணி வருவதில்லை. அவன் தமிழன். நம் ஊர்க்காரன். பெரிய கங்காணி பெரும்பாலும் ஊரில் உயர்சாதி என்று சொல்லிக்கொண்டவன். வழிகாட்டியும் அவனே, வட்டிக்காரனும் அவனே, தோட்டத்தில் மேற்பார்ப்பவனும் அவனே, அரிசி அளப்பவனும் அவனே. வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு தலைக்கும் அவனுக்குக் காசு. தோணிக்கூலி, வழிச்சோறு, முன்பணம் எல்லாம் தொழிலாளியின் தலையில் கடனாக ஏறின. தோட்டம் மாறவேண்டுமா? கடன் எவ்வளவு என்று எழுதிய ஒரு சீட்டு வேண்டும். அதற்குத் துண்டு என்று பெயர். புதுத் தோட்டத்தான் அந்தக் கடனை அடைத்து ஆளைப் பெற்றுக்கொள்வான். இம்முறை 1921-இல்தான் தடைசெய்யப்பட்டது. லயன் என்ற நீண்ட குதிரைக்கொட்டில் போன்ற வரிசை வீடுகளிலும் சாதி தன் பாயை விரித்தது. இன்ன சாதிக்கு இன்ன லயன் என்று பிரிந்தது. கடல் கடந்தால் சாதி போய்விடும் என்று சாத்திரம் சொன்னதாம்! நூறு மைல் காட்டில் வாந்திபேதி செத்தது, சாதி சாகவில்லை.

அன்சா நல்ல தலைவரா, கங்காணி தீய தலைவனா என்பது என் கேள்வி அன்று. இருவரும் பிறர்க்காகக் கூட்டிச் சென்றவர்கள். அன்சா அரசனுக்காக, கங்காணி துரைக்காக. தலைவன் என்று நாம் யாரைச் சொல்கிறோம்? முன்னால் நடப்பவனையா? முன்னால் நடந்தவன் பின்னால் விழுந்தவனைத் திரும்பிப் பார்த்தானா என்பதன்றோ சோதனை! அன்சா திரும்பிப் பார்த்தார். பார்த்ததை எழுதியும் வைத்தார். அதனால் அவர் சார்ந்த பேரரசின் குற்றம் நீங்காது. ஆனால் அந்த ஒரு செயலுக்குரிய மதிப்பை அவருக்கு மறுக்க எனக்கு மனமில்லை.

இப்போது மிகக் கடினமான வாதத்தை எதிர்கொள்வோம். கண்டிச் சிங்கள உழவன் கூறுவான்: "என் காடு போயிற்று, அந்தக் காட்டில் நீ வந்து அமர்ந்தாய். அன்சாவின் ஆட்கள் செவ்விந்தியனுக்கு என்ன செய்தார்களோ, அதைத்தான் நீ எனக்குச் செய்தாய்." இதைத் தமிழர் பலர் கேட்க விரும்புவதில்லை. கேட்கவேண்டும். அவன் காடு போனது உண்மை. ஆனால் போன காடு யார் பெயரில் பதிவாயிற்று? அன்சாவுடன் சென்ற குடிகளுக்கு நாளடைவில் நிலம் கிடைத்தது; மேய்ச்சற்பண்ணைகள் எழுந்தன; அவர்கள் அந்நிலத்தின் உரிமையாளராயினர். மலையகத் தமிழனுக்கு என்ன கிடைத்தது? பத்தடி அறை, அதுவும் தோட்டத்தின் சொத்து. வேலை போனால் அறையும் போகும். நிலத்தைப் பறித்தவன் ஒருவன். பறித்த நிலத்தில் பறிகொடுத்தவனைப் போலவே ஏழையாய் நின்றவன் இன்னொருவன். முன்னவன் பங்குகளை விற்றுவிட்டு இலண்டனுக்குச் சென்றான்; பின்னவன் கையில் பழி நின்றது. வழிப்பறிக்காரன் ஏறிவந்த குதிரையைத் தூக்கிலிடுவது எந்த ஊர் நீதி?

காப்பி இருந்தவரை அவர்கள் பருவத்துக்குப் பருவம் வந்து பறித்துவிட்டு, ஊரில் நெல்லறுப்புக்குத் திரும்பினார்கள். 1869-இல் காப்பியில் பூஞ்சாண நோய் விழுந்தது; அடுத்த இருபதாண்டில் காப்பி அழிந்தது; தேயிலை வந்தது. தேயிலை ஆண்டு முழுவதும் தளிர்க்கும். ஆகவே தொழிலாளி ஆண்டு முழுவதும் வேண்டும். கொழுந்து கிள்ளப் பெண்ணின் விரல் வேண்டும். ஆகவே குடும்பம் வேண்டும். குடியேற்றம் என்று யாரும் முழங்கவில்லை. செடியின் இயல்பு மனிதனைக் குடியேற்றியது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்து இரயில் தனுஷ்கோடிவரை சென்றது. மண்டபம் முகாமில் உடல் சோதித்து, மருந்து தெளித்து அனுப்பினார்கள். பிள்ளைகள் பிறந்தார்கள். அந்தப் பிள்ளைகள் மதுரையைக் கண்டதில்லை. பாட்டி சொன்ன ஊர்ப்பெயர் மட்டும் தெரியும்.

1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. வாக்குச்சீட்டின் வலிமையைத் தொழிலாளி காட்டினான். காட்டிய மறு ஆண்டே அது பறிக்கப்பட்டது. 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் என்ன கேட்டது? இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது. உன் தந்தை இங்கே பிறந்தவன் என்று காட்டு, அல்லது உன் பாட்டனும் முப்பாட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டு என்றது. யாரிடம் கேட்டது? வடபாதையில் எண்ணப்படாதவனின் மகனிடம்! லயன் அறையில் பிறந்து, பிறந்ததை எவரும் ஒழுங்காக எழுதி வைக்காதவனிடம்! அவன் தந்தையின் பெயர் தாளில் ஏறிய இடம் ஒன்று உண்டென்றால், அது துண்டு. கடன்சீட்டு! அதைக் கொண்டுபோய்ப் பிறப்புச் சான்று என்று காட்ட முடியுமா? ஏறத்தாழ ஏழு இலட்சம் மக்கள் ஒரு சட்டத்தால் நாடற்றவராயினர். தமிழ்த் தலைவர்களிலேயே சிலர் அரசோடு நின்றதும், அதை எதிர்த்துப் பிரிந்த செல்வநாயகம் 1949-இல் தமிழரசுக் கட்சி கண்டதும் தனிக்கதை.

அறநூல் கற்றவர்களை நான் கேட்க விரும்புவது இதுதான். சான்று கேட்கும் உரிமை யாருக்கு உண்டு? பிறப்பையும் இறப்பையும் எழுதி வைக்கும் கடமையைச் செய்தவனுக்கு உண்டு. கடமையைச் செய்யாத அரசு, தன் சோம்பலின் விளைவைக் குடிமகனின் குற்றமாக்குவது எந்த அறம்? நூறாண்டு உழைப்பு சான்றாகாதா? மலைச்சரிவில் ஒவ்வொரு தேயிலைச் செடியும் ஒரு கையெழுத்து அல்லவா?

1964 அக்டோபரில் சிறிமாவோவும் லால்பகதூர் சாஸ்திரியும் உடன்பாடு செய்தார்கள். ஒன்பது இலட்சத்து எழுபத்தைந்தாயிரம் பேர். அவர்களில் 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம்! 1974-இல் பார்த்தார்கள், ஆளுக்குப் பாதி, 75,000. அந்த மக்களில் ஒருவரையாவது, "நீ எங்கே இருக்க விரும்புகிறாய்?" என்று உடன்பாட்டுக்கு முன் கேட்டார்களா? பசித்தவனின் ஒப்புதலைப் பிடித்துக்கொண்டு வழக்காடிய வெள்ளை அரசு, பெயருக்காவது "வருகிறாயா" என்று கேட்டது. சுதந்திர நாடுகள் இரண்டு சேர்ந்து அந்தப் பெயரளவுக் கேள்வியையும் விட்டுவிட்டன. வகுப்பில் நான் வரலாறு கற்பிக்கும்போது இவ்வுடன்பாடு பாடநூலில் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது, எண்களைக் கரும்பலகையில் எழுதினேன், கடைசி வரிசைச் சிறுவன் ஒருவன், "மிச்சம் என்ன சார் ஆச்சு?" என்று கேட்டான். கழித்தல் கணக்கு என்றே நினைத்துவிட்டான். அவன் நினைத்ததில் பிழையில்லை.

உடன்பாடு ஆன அதே ஆண்டு டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை விழுங்கியது. பின்னர் வந்தவர்கள் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பலேறினார்கள். மண்டபம் முகாமில் இறங்கினார்கள். பாட்டன் போன வழியில் பேரன் திரும்பி வந்தான். சிலருக்கு நீலகிரியில் வேலை. கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் அவர்களுக்காகவே 1968-இல் அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கியது. கொழுந்து கிள்ளத் தெரிந்த விரலுக்கு மீண்டும் கொழுந்து. அங்கே "இந்தியாக்காரன்" என்றார்கள்; இங்கே "சிலோன்காரன்" என்றார்கள். இலங்கையில் எஞ்சியவர்களுக்குக் குடியுரிமைக் கதவு முழுவதும் திறக்க 2003 வரை ஆயிற்று. 1948-லிருந்து எண்ணினால் ஐம்பத்தைந்து ஆண்டுகள்.

2023 சூலை இறுதியில் மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தார்கள். இருநூறாண்டு நிறைவில் பாட்டன்மார் விழுந்த வழியில் பேரன்மாரும் பேத்திமாரும், கூடவே சிங்கள, முசுலிம் தோழரும் நடந்து ஆகஸ்ட் 12-இல் மாத்தளை சேர்ந்தார்கள். முன்னால் கங்காணி இல்லை. அந்தப் பாதைக்கு அமெரிக்க அரசு போல் பலகை நட்டுப் பெயர் சூட்ட எந்த அரசும் முன்வரவில்லை. சூட்டினால் யார் பெயரைச் சூட்டுவார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். பெயர் தெரிந்தவர்கள் துரைமாரும் பெரிய கங்காணிகளும்தாமே!

தாயகம் திரும்பியோர் என்று அரசுத் தாளில் இன்று குறிக்கப்படும் குடும்பங்களின் பிள்ளைகள் சாதிச்சான்றுக்கு விண்ணப்பிக்கும்போது, பாட்டனின் ஊர் எது, வட்டம் எது, அவ்வூரில் உன்னைத் தெரிந்தவர் யார் என்று கேட்கிறார்கள். மேலூர் என்று சொல்கிறான் பையன். பாட்டி சொன்னது. மேலூரில் அந்தக் குடும்பத்தை அறிந்தவர் எவரும் உயிரோடு இல்லை. சான்று இல்லாமல் கல்லூரியில் இடம் இல்லை. இடம் இல்லாவிட்டால் மீண்டும் கொழுந்து. அந்த விண்ணப்பங்கள் வட்டாட்சியர் அலுவலகங்களில் இருக்கின்றன. மதுரை மாவட்டத்து இளைஞர் மன்றத் தோழர்கள், தத்தம் ஊரில் இலங்கைக்குப் போன குடும்பங்கள் எவை என்று முதியோரிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினால், இன்னும் பத்தாண்டில் சொல்ல ஆள் இராத செய்திகள் சில இப்போதே கிடைக்கும். எங்கள் பள்ளி மாணவர்கள் மூன்று ஊர்களில் தொடங்கியிருக்கிறார்கள். இதுவரை நாற்பத்தொரு பெயர்கள் சேர்ந்துள்ளன.